அது எதைப் பார்க்கிறது?

எங்களிடம் ஓவியம் கேட்டு வருபவர்கள் இரு வகையினர். காட்டு விலங்கை வரையச் சொல்பவர்கள் ஒரு வகை. வீட்டு விலங்கை வரையச் சொல்பவர்கள் மற்றொரு வகை. முதல் வகையினருக்கு ஒரு சிறுத்தை வேண்டும்; எந்தச் சிறுத்தையாயினும் சரி. இரண்டாம் வகையினருக்கு அந்த நாயேதான் வேண்டும்; அதே இனத்து இன்னொரு நாய் உதவாது. ஒரே மேசையின் இரு புறமும் அமர்ந்து, ஒருவர் பென்சிலிலும் மற்றவர் நீர்வண்ணத்திலுமாகப் பதினைந்து ஆண்டுகளாக இவ்விரு வகை ஓவியங்களையும் வரைந்துவரும் இணையர் நாங்கள். இவ்வளவு காலம் வரைந்த பின் இரு தரப்பினரின் வேண்டுகோளும் அடியில் ஒன்றே என்று எங்களுக்குத் தோன்றுகிறது. காட்டு விலங்கிடம் சீற்றத்தைக் கேட்கிறார்கள். வீட்டு விலங்கிடம் சிரிப்பைக் கேட்கிறார்கள். மனிதனின் அச்சமும் மனிதனின் பிரியமும் விலங்கின் முகத்தில் எழுதப்பட வேண்டும் என்பதே அந்த வேண்டுகோள்.

சில ஆண்டுகளுக்கு முன் சிறுவர் நூல் ஒன்றுக்காக ஒரு பதிப்பகம் எங்களிடம் விலங்குப் படங்கள் கேட்டது. மரக்கிளையில் வயிறு படியப் படுத்து, கால்களை இருபுறமும் தொங்கவிட்டு, கீழே எதையோ கவனித்துக்கொண்டிருக்கும் சிறுத்தை ஒன்றை அனுப்பிவைத்தோம். 'நன்றாக இருக்கிறது. ஆனால் வாயைத் திறந்து வையுங்கள், பல் தெரிய வேண்டும்' என்று பதில் வந்தது. வாய் திறந்த புலி, சிறுத்தைப் புகைப்படங்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். அவற்றுள் பல வெறும் கொட்டாவிகள். இன்னும் சில, மற்றொரு விலங்கு விட்டுச்சென்ற வாசனையை மேலண்ணத்திலுள்ள நுகர்வு உறுப்புக்குக் கொண்டுசெல்ல உதட்டைச் சுருட்டி முகத்தைச் சுளிக்கும் செய்கைகள். தூக்கக் கலக்கத்தையும் மோப்பத்தையும் நாம் கொலைவெறி என்று படித்துக்கொள்கிறோம். அந்த நூலின் அட்டையில் வேறொருவர் வரைந்த சிறுத்தை பல்லைக் காட்டியபடி வெளிவந்தது. எங்களுடையது எங்கள் வீட்டுச் சுவரில் கீழே பார்த்தபடி இருக்கிறது.

நாயின் சிரிப்பும் இப்படிப்பட்டதே. நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. பாதங்களில் மட்டும் சிறிது வியர்க்கும். வாயைத் திறந்து, நாக்கை நீட்டி, மூச்சிரைப்பதுதான் அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளும் முதன்மையான வழி. சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் எடுத்த புகைப்படத்தை அனுப்பி, 'இந்தச் சிரிப்பு அப்படியே வர வேண்டும்' என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்ல எங்களுக்கு மனம் வருவதில்லை. அவர்களுடைய பிரியம் பொய்யன்று. படிக்கப்படும் இடம்தான் பிழை. ஆகவே அவர்களுக்கு நாங்கள் இன்னொரு இடத்தைக் காட்ட முயல்கிறோம்.

அந்த இடத்தை எங்களுக்குக் காட்டியது வேடந்தாங்கல். அங்குள்ள ஏரியை ஊரார் தலைமுறை தலைமுறையாகக் காத்துவருகிறார்கள். பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை அறிந்தவர்கள் அவர்கள். 1798ஆம் ஆண்டிலேயே அந்த ஊருக்கு ஆங்கிலேயக் கலெக்டரிடமிருந்து பாதுகாப்பு ஆணை கிடைத்ததாக வரலாறு. குளிர்காலத்தில் ஏரியின் மரங்கள் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் வக்காவுமாகக் கனத்து நிற்கும். கரையில் தொலைநோக்கியை நிறுத்திவிட்டுக் குறிப்பேட்டில் வரையத் தொடங்கினால், நான்கு கோடுகள் போடுவதற்குள் பறவை திரும்பிவிடும். இதற்கு ஓவியர்கள் கைக்கொள்ளும் வழி எளியது. ஒரே பக்கத்தில் ஏழெட்டு முற்றுப்பெறாத உருவங்களைத் தொடங்கி வைக்க வேண்டும். பறவைக்கும் நமக்கிருப்பதுபோல் வழக்கமான இருப்புகள் உண்டு. எந்த இருப்புக்குத் திரும்பி வருகிறதோ, அந்த உருவத்தில் இன்னும் இரண்டு கோடுகள் சேர்க்கலாம். மதியத்துக்குள் ஒன்றிரண்டு உருவங்கள் தேறும்.

இப்படிக் காத்திருந்த நாட்களில்தான் மஞ்சள்மூக்கு நாரை எங்களைத் திகைக்க வைத்தது. ஆழமில்லாத நீரில் நின்று, அலகைப் பாதி திறந்து நீருக்குள் செருகி, இருபுறமும் துழாவிக்கொண்டே நடக்கும் பறவை அது. மீன் அலகில் பட்ட கணத்தில் அலகு மூடிக்கொள்ளும். கண்ணால் தேடுவதைவிடத் தொட்டுத் தேடுவதே அதன் முறை. எங்கள் முதல் படங்களில் கண்ணைத்தான் மிகுந்த கவனத்தோடு வரைந்திருந்தோம், உருவப்படத்துக்குக் கண்ணே உயிர் என்று எல்லாப் பயிற்சி நூல்களும் சொல்வதால். ஆனால் அந்நேரத்தில் நாரை தன் கண்ணில் இல்லை. அலகின் நுனியில் இருந்தது. கழுத்தின் வளைவு, தோளின் சாய்வு, அடுத்து வைக்கவிருக்கும் காலின் தயக்கம் எல்லாமே அந்த நுனிக்குப் பணிந்திருந்தன. அவ்வாறு பார்த்து வரைந்தபோது, கண் வெறும் புள்ளியாக இருந்தும் பறவை உயிரோடு நின்றது.

அன்றிலிருந்து எந்த விலங்கை வரையும்போதும் நாங்கள் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே: இதன் கவனம் இப்போது எங்கே இருக்கிறது? புள்ளிமான் புல் மேயும்போது தலை தாழ்ந்திருக்கும்; ஆனால் ஒரு காது பின்னால் திரும்பி நிற்கும். மானின் அச்சத்தை வரைய விரிந்த கண்கள் தேவையில்லை, அந்த ஒரு காது போதும். முதுமலையின் தெப்பக்காடு முகாமில் வளர்ப்பு யானைகளைப் பக்கத்திலிருந்து வரையும் வாய்ப்புக் கிடைத்தது. கேழ்வரகும் கொள்ளும் வெந்து உருண்டைகளாகத் தயாராகும் நேரத்தில் யானையின் முகம் கல்போல் அசையாதிருக்கும். துதிக்கையின் நுனி மட்டும் காற்றில் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும். ஆசிய யானைக்கு அந்த நுனியில் விரல்போன்ற நீட்சி ஒன்றுண்டு. ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு. அந்த ஒற்றை விரலைச் சரியாக வரையாத யானை, எத்தனை நுணுக்கமாகச் சுருக்கங்கள் போட்டிருந்தாலும், பூட்டிய வீடாகத்தான் இருக்கும்.

இது எங்கள் கண்டுபிடிப்பு என்று சொல்லத் துணியமாட்டோம். ஏழாம் நூற்றாண்டின் பல்லவச் சிற்பி இதை நன்கறிந்திருந்தான். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்றழைக்கப்படும் பாறையில் பின்னங்காலைத் தூக்கித் தன் மூக்கைச் சொறிந்துகொள்ளும் மான் ஒன்றுண்டு. அதன் கவனம் முழுவதும் அந்தக் குளம்பின் முனையும் மூக்கும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. தேவரும் முனிவரும் கூடி நிற்பது அதற்கு ஒரு பொருட்டேயில்லை. அதே ஊரில் தனிச் சிற்பமாக அமைந்த குரங்குக் குடும்பத்தில், பேன் பார்க்கும் குரங்கின் உயிர் விரல்களில் குவிந்திருக்கிறது. தபசுப் பாறையிலேயே கைகளை உயர்த்தித் தவம் செய்யும் பூனையும் அதைச் சுற்றி எலிகளும் இருப்பதை எல்லோரும் சிரித்தபடி பார்த்திருப்போம். மற்ற விலங்குகளெல்லாம் தத்தம் வேலையில் மெய்யாகவே ஆழ்ந்திருக்கும் பாறையில், கவனத்தை நடிக்கும் ஒரே விலங்கு அது.

நம் காலத்துக்கு நெருங்கி வந்தால் மா. கிருஷ்ணனை நினைக்காமல் இருக்க முடியாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1950 முதல் 1996இல் மறையும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை குறித்துப் பத்தி எழுதியவர். தன் எழுத்துக்குத் தானே படமும் வரைந்தவர். அவர் எழுத்தையும் சித்திரத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது எங்களுக்குப் புலப்படுவது ஒன்றுண்டு: அவர் காட்டு யானைக்கும் வீட்டுக் கூரை அணிலுக்கும் ஒரே அளவு மரியாதை தந்தார். காட்டு விலங்கு உயர்ந்தது, நாயும் பூனையும் கலைக்குக் குறைந்த பொருள் என்னும் பாகுபாடு ஓவியர் நடுவே இன்றும் உண்டு. 'நாய்ப்படமா போடுகிறீர்கள்?' என்று கேட்கும் நண்பர்களுக்கு நாங்கள் அவரைத்தான் காட்டுகிறோம்.

உடலமைப்பை இறந்த விலங்கிடமிருந்தும் கற்கலாம். ஒரு முறை மலைச்சாலை ஓரத்தில் வண்டியில் அடிபட்டு இறந்த கீரி ஒன்றைக் கண்டோம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அதன் உடலையும் எடுத்துவரக் கூடாது. ஆகவே தொடாமல், சாலையோரத்தில் அமர்ந்து ஒரு மணி நேரம் வரைந்தோம். ஒவ்வொரு முடியிலும் வெளிர்நிறமும் கருநிறமும் மாறிமாறி வளையங்களாக வருவதையும், தூரத்திலிருந்து பார்க்கும்போது அது சாம்பலாகக் கலந்துவிடுவதையும் அன்றுதான் அவ்வளவு பக்கத்தில் பார்த்தோம். அந்த முடிக்காகவே கீரிகள் கொல்லப்படுகின்றன என்பதை ஓவியம் பயில்வோர் அறிந்திருக்க வேண்டும். கீரிமுடித் தூரிகை, நீர் பிடிக்கும் திறனுக்கும் முனையின் உறுதிக்கும் பெயர் பெற்றது. அதன் விற்பனை சட்டவிரோதம். நாங்கள் நைலான் தூரிகையால்தான் வரைகிறோம். அந்த ஒரு மணி நேரத்தில் கிடைத்த படத்தில் அளவுகள் யாவும் சரியாக இருந்தன. கீரி மட்டும் இல்லை. எதையும் கவனிக்காத உடலை எவ்வளவு வரைந்தாலும் அது பொருளாகவே எஞ்சுகிறது.

இங்கேதான் வீட்டு விலங்கின் ஓவியத்தில் உள்ள சிக்கல் தொடங்குகிறது. எங்களிடம் வரும் வேண்டுகோள்களில் பெரும்பாலானவை இறந்துபோன விலங்குகளுக்கானவை. நாங்கள் ஒரு முறைகூடப் பார்த்திராத நாயை, ஒரு கைப்பேசிப் புகைப்படத்தை வைத்து, அதனோடு பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு வரைந்து தர வேண்டும். 1515ஆம் ஆண்டு குஜராத்திலிருந்து கடல்வழியே லிஸ்பன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்ட காண்டாமிருகத்தை, அதை ஒருபோதும் காணாத ஆல்பிரெக்ட் டியூரர், யாரோ எழுதிய விவரத்தையும் ஒரு கோட்டுச்சித்திரத்தையும் கொண்டே மரச்செதுக்கில் வரைந்தார். தோல் மடிப்புகள் அவர் கையில் இரும்புக் கவசமாயின. தோளில் ஒரு சிறு கொம்பும் கூடுதலாக முளைத்தது. ஆயினும் ஐரோப்பா தலைமுறைகளாக அந்தப் படத்தையே காண்டாமிருகம் என்று நம்பியது. உருவத்தைக் கடிதத்தில் எழுதி அனுப்பலாம். அந்த விலங்கு எதற்குக் காதைத் திருப்பும் என்பதை யாரும் எழுதி அனுப்பியதில்லை.

ஆகவே நாங்கள் எழுதி அனுப்பச் சொல்கிறோம். ஓவியம் கேட்பவர்களிடம் நிறம், உயரம், இனம் முதலியவற்றைக் கேட்கும் முன்னர் ஒரு கேள்வி கேட்பது எங்கள் வழக்கமாகிவிட்டது: 'எந்தச் சத்தம் கேட்டால் அது எழுந்து நிற்கும்?' பிஸ்கட் பொட்டலம் பிரியும் சத்தம் என்று ஒருவர் சொன்னார். கீரைக்கார அம்மாவின் குரல் என்று ஒருவர். தெருமுனையில் மகனின் ஸ்கூட்டர் திரும்பும் ஓசை. மகன் வெளியூர் போன பிறகும் அதே வகை ஸ்கூட்டர் எது வந்தாலும் எழுந்து நின்றதாம். இந்தக் கேள்விக்குப் பிறகு தொலைபேசியில் சற்று நேரம் மௌனம் நிலவும். பின்னர் அவர்கள் பேசத் தொடங்குவார்கள். அந்தப் பேச்சே எங்களுக்குப் படத்தைத் தருகிறது.

கைவேலையில் எத்தனையோ நுட்பங்கள் இருக்கின்றன. மீசை முடிகளை வெள்ளையாக விட வேண்டுமெனில், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் முதலிலேயே தாளில் அழுத்திக் கோடிட்டுவிட வேண்டும். பிறகு பென்சில் ஓடும்போது அந்தப் பள்ளங்கள் வெள்ளையாகவே நின்றுவிடும். கருநாயை வரைய கறுப்பு மட்டும் போதாது; அதன் முதுகின் மினுமினுப்பில் வானத்தின் நீலம் படிந்திருக்கும். வெள்ளை ராஜபாளையம் நாய்க்கோ தாளே நிறம். நிழலை வரைந்தால் நாய் தானே எழுந்து நிற்கும். ஃபிளாஷ் போட்ட படங்களில் கண் பச்சையாக எரிவது, விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலத்தால். அதை நீக்கி, பாப்பாவின் வடிவத்தை அறிந்து வரைய வேண்டும். நாய்க்கும் புலிக்கும் பாப்பா வட்டம், வீட்டுப் பூனைக்கு நெட்டுக்குத்தான கீறல், ஆட்டுக்குக் கிடைமட்டம். இவை யாவும் கற்றுக்கொள்ளக்கூடியவை. சில மாதப் பயிற்சி போதும். ஆனால் பின்வருவது பயிற்சியில் கிடைக்கவில்லை.

ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் ஒரே ஒரு புகைப்படத்தோடு வந்தார். இனம் சொல்ல முடியாத செம்பழுப்புத் தெருநாய், பெயர் மணி. படத்தில் அது கேமராவைப் பார்க்கவில்லை. தலை இடப்பக்கம் திரும்பி, காதுகள் சற்றுப் பின்வாங்கி, சட்டத்துக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. 'நேராக என்னைப் பார்க்கிற மாதிரி போட்டுத் தர முடியுமா தம்பி? சுவரில் மாட்டினால் என்னைப் பார்க்கணும்' என்றார். செய்யக்கூடியதுதான், அந்தக் கோணத்திலிருந்து நேர்முகத்தைக் கட்டியெழுப்ப எங்களால் இயலும். வழக்கம்போல் மட்டும் கேட்டோம்: 'ஐயா, இந்தப் படத்தில் அது எதைப் பார்க்கிறது?'

அவர் புகைப்படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். 'அந்தப் பக்கம் சமையலறை வாசற்படி' என்றார் முதலில். பிறகு, 'அவள் அங்கேதான் உட்கார்ந்து காய் நறுக்குவாள்' என்றார். மனைவி இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன; நாய் அவ்வாண்டு இறந்தது. படம் எடுக்கப்பட்டபோது அந்த அம்மையார் இருந்தார், படத்துக்குள் மட்டும் இல்லை. எங்களில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவரே, 'அப்படியே இருக்கட்டும்' என்றார்.

அந்த ஓவியத்தை முடிக்கப் பதினெட்டு நாட்கள் ஆயின. திரும்பிய கழுத்தின் மடிப்பும் பின்வாங்கிய காதும் தவிர வேறெதிலும் நாங்கள் மிகுந்த உழைப்பைச் செலவிடவில்லை. இடப்பக்கத்தில் வழக்கத்தைவிட அதிகமாக வெற்றிடம் விட்டோம். பெற்றுக்கொள்ள வந்தபோது அவர் நாயைப் பார்த்ததைவிட அந்த வெற்றிடத்தைப் பார்த்ததே அதிகம். வீட்டில் எந்தச் சுவரில் மாட்டினால் அது சமையலறைப் பக்கம் திரும்பியிருக்கும் என்று கேட்டார். கூடத்தின் அமைப்பை ஒரு தாளில் வரைந்து காட்டச் சொல்லி, இடத்தைக் குறித்துக் கொடுத்தோம்.

எல்லாமே இவ்வளவு கனமானவையல்ல. உயிரோடிருக்கும் பூனையைக் கூடையில் வைத்து ஒரு சிறுமி அழைத்துவந்தாள். கூடை திறந்ததும் பூனை எங்கள் பீரோவுக்கு அடியில் புகுந்துகொண்டது. ஒன்றரை மணி நேரம் கருவாட்டுக்கும் வரவில்லை. வேறு வழியின்றிப் பீரோவின் அடிப்பகுதியையும் இருட்டையும் இரு கண்களையும் வரைந்தோம். அவளுடைய தாயாருக்கு ஏமாற்றம். சிறுமியோ, 'இதுதான் எங்க பூனை, வேற யாராவது வீட்டுக்கு வந்தா இப்படித்தான் இருக்கும்' என்று படத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

இப்போது புகைப்படத்தைக் கொடுத்தால் கணினியே சில நொடிகளில் ஓவியம் தீட்டித் தருகிறது. எங்கள் வருவாய் அதனால் குறைந்திருப்பது உண்மை. அவ்வாறு செய்யப்பட்ட படங்களைச் சிலர் எங்களிடம் காட்டுகிறார்கள். முடிகளும் ஒளியும் வியக்கத்தக்கவை. அவர்கள் காட்டிய நாய்களெல்லாம் நேராகப் பார்க்கின்றன, எல்லாம் சிரிக்கின்றன. கேட்பவரின் விருப்பம் அப்படியே நிறைவேறிவிடுகிறது. 'அது எதைப் பார்க்கிறது?' என்று அவரிடம் திருப்பிக் கேட்க அங்கே யாருமில்லை என்பதே எங்கள் கவலை.

கேட்பதிலும் சங்கடம் உண்டு. அண்மையில் ஓர் அம்மையார் தம் வீட்டுப் பச்சைக்கிளியை வரைந்து தருமாறு தொலைபேசியில் கேட்டார். ஒன்பது ஆண்டுகளாகக் கூண்டில் வளர்கிறதாம். அக்கா என்று கூப்பிடுமாம். கூண்டில்லாமல், மாமரக் கிளையில் உட்கார்ந்திருப்பதுபோல் வேண்டுமாம். நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் வைப்பது சட்டப்படி குற்றம் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. எங்கள் ஊர்களில் பலரும் அறிந்ததில்லை. அதைச் சொல்லும் முன், பழக்கத்தால், எந்தச் சத்தத்துக்கு அது எழுந்து நிற்கும் என்று கேட்டுவிட்டோம்.

'சாயங்காலம் ஆறு மணி வாக்கில் மாடிக்கு மேலே கிளிக்கூட்டம் கத்திக்கொண்டு போகும். அப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாக...' என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

நாங்கள் சட்டத்தைச் சொன்னோம். வனத்துறையிடம் ஒப்படைக்கலாம் என்பதையும், இத்தனை ஆண்டுகள் பறக்காத கிளியைத் திடீரென்று திறந்துவிட்டால் அது பிழைப்பது அரிது என்பதையும், தேறியபின் விடுவதா வேண்டாமா என்பதை அறிந்தவர்கள் முடிவு செய்வார்கள் என்பதையும் சொன்னோம். அவர் குறுக்கே எதுவும் பேசவில்லை. யோசித்துவிட்டு மறுபடி அழைப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். மூன்று வாரங்கள் ஆகின்றன. மாமரக் கிளையை மட்டும் பென்சிலில் போட்டு வைத்திருக்கிறோம்.